சாட்சிக்காரனும் கூண்டும்: ஒரு பயத்தின் வரலாறு

"சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல்" என்று ஒரு பழமொழி உண்டு. சண்டை போட்டவர்கள் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் இதன் பொருள். இத்தனை நூற்றாண்டுகளாக எல்லோரும் இதைச் சண்டைக்காரர்களுக்குச் சொன்ன அறிவுரையாகவே எடுத்துக்கொண்டோம். அந்தச் சாட்சிக்காரன் பாவம், அவன் மனநிலை என்ன என்று யாரும் கேட்டதே இல்லை!

தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு விபத்து என்று வைத்துக்கொள்வோம். பஸ்சுக்காக நின்றுகொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்தார். போலீஸ் கேட்டபோது பார்த்ததைச் சொன்னார், பெயரும் முகவரியும் கொடுத்தார், வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் ஒரு காவலர் வந்து கதவைத் தட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். சம்மன்!

அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. "பேசாமல் போயிருக்கக் கூடாதா?" என்று மனைவி கேட்பார். "கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் இது" என்று பெரியவர் புலம்புவார். அவருக்கோ வேறு கவலை. அந்த லாரி என்ன நிறம்? மணி ஐந்தரையா, ஆறா? வக்கீல் ஏதாவது கேட்டு மாட்டிவிட்டால்? தப்பாகச் சொல்லிவிட்டால் நம்மையே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா?

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. வழக்கில் யார் ஜெயித்தாலும் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை. ஆனாலும் கை நடுங்குகிறது. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அதை நம் சட்டம் எப்போது கண்டுகொண்டது? இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

பொய் சொன்னவன் பயந்த காலம்

சாட்சிக்குப் பழந்தமிழில் "கரி" என்று பெயர். திருக்குறளிலேயே இந்தச் சொல் வருகிறது. பொய்சாட்சி சொல்பவன் பொய்க்கரியாளன். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மன்றங்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் பூத சதுக்கம் என்று ஒன்று வருகிறது. அங்கே இருக்கும் பூதம், பொய்சாட்சி சொல்பவர்களையும் இன்னும் சில குற்றம் செய்தவர்களையும் பாசக்கயிற்றால் கட்டி அடித்துத் தின்றுவிடுமாம்.

திருவிளையாடற் புராணத்தில் கடைசிப் படலம் இன்னும் சுவாரஸ்யமானது. ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடந்ததற்கு மனித சாட்சி யாரும் இல்லை. மூத்தவள் பழிக்கிறாள். அப்போது கல்யாணம் நடந்த இடத்தில் இருந்த வன்னி மரமும் கிணறும் சிவலிங்கமும் மதுரைக்கே வந்து சாட்சியாக நிற்கின்றன. மனிதன் வராவிட்டால் மரமும் கிணறுமாவது வரும் என்பது அந்தக் கதையின் நம்பிக்கை.

இந்தக் கதைகளில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பயப்பட வேண்டியவன் பொய் சொல்பவன் மட்டுமே. உண்மை சொல்பவனுக்குப் பூதத்திடம் என்ன பயம்? பார்த்ததை அப்படியே சொல்லப் போகிறவனும் நடுங்குவான் என்று அந்தக் கதைகள் நினைக்கவே இல்லை. அது கதை, இருக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகு வந்த சட்டமும் நெடுங்காலம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தது என்பதுதான் சிக்கல்!

கங்கை நீரும் 1840-ம்

கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட காலத்தில் சாட்சிக்கு முதல் பயம் கேள்வியில் தொடங்கவில்லை, சத்தியத்தில் தொடங்கியது. இந்துக்கள் கங்கை நீரின் மீதும் முஸ்லிம்கள் குர்ஆன் மீதும் சத்தியம் செய்ய வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. பலருக்கு அப்படிச் சத்தியம் செய்வதே பெரிய பாவமாகவும் அவமானமாகவும் பட்டது. உண்மை தெரிந்தவர்களும் இதற்காகவே கோர்ட்டுப் பக்கம் வரத் தயங்கினார்கள். நீதிக்கு இதனால் தடை ஏற்படுகிறது என்று அரசே ஒப்புக்கொண்டு 1840-ல் ஐந்தாவது சட்டத்தைக் கொண்டுவந்தது. கங்கை நீருக்கும் குர்ஆனுக்கும் பதிலாக, உண்மை சொல்கிறேன் என்று உறுதி கூறினால் போதும் என்று மாற்றினார்கள்.

அப்படியானால் சினிமாவில் பகவத் கீதை மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறார்களே? அது சினிமாவில் மட்டும்தான். நிஜக் கோர்ட்டில் இப்போது 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டம். கடவுள் பெயரால் சொல்லலாம், விருப்பமில்லையென்றால் கடவுள் பெயர் இல்லாமலும் உளமார உறுதி சொல்லலாம்.

சாட்சியின் பயத்தைப் பார்த்துச் சட்டம் இறங்கி வந்த ஆரம்பகால உதாரணங்களில் 1840 ஒன்று. ஆனால் அதற்குப் பிறகு சட்டம் இன்னொரு முறை அந்த அளவுக்கு இறங்கி வர ரொம்ப காலம் ஆனது.

1872: பாதி வேலை முடிந்தது

வைஸ்ராயின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் எழுதிய இந்திய சாட்சியச் சட்டம் 1872 செப்டம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. 2024 ஜூன் வரை, 150 வருஷங்களுக்கு மேல் நாட்டின் பெரும்பாலான நீதிமன்றங்களை நடத்தியது இந்தச் சட்டம்தான். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறினாலும் சாட்சி விசாரணையின் அடிப்படை விதிகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன.

சாட்சியை மூன்று கட்டமாகக் கேள்வி கேட்கலாம். முதலில் அழைத்த தரப்பு கேட்பது முதல் விசாரணை. அடுத்து எதிர்த் தரப்பு கேட்பது குறுக்கு விசாரணை. பிறகு தேவைப்பட்டால் அழைத்தவரே மறுபடி கேட்பது மறு விசாரணை. பயம் எல்லாம் நடுவில் இருக்கும் அந்தக் குறுக்கு விசாரணையில்தான்.

பலருக்குத் தெரியாத விஷயம், சாட்சியைக் காப்பாற்றும் பிரிவுகளும் அதே சட்டத்தில் 1872-லேயே இருந்தன என்பது. சம்பவம் நடந்தபோது எழுதி வைத்த குறிப்பு இருந்தால், அதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டு பதில் சொல்லலாம். ஆபாசமான கேள்விகள், அவமானப்படுத்துவதற்காகவே கேட்கும் கேள்விகள் இவற்றை நீதிபதி தடுக்கலாம். எத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு கிடையாது, ஒரே ஒரு நம்பகமான சாட்சி இருந்தாலும் போதும். வாய் பேச முடியாதவர்கள்கூட எழுதியோ சைகையாலோ சாட்சி சொல்லலாம்.

ஆனால் இதெல்லாம் கூண்டில் ஏறிய பிறகு கிடைக்கும் பாதுகாப்பு. கூண்டு வரைக்கும் வந்து சேர்வது எப்படி? காலையில் பஸ் ஏறுவது முதல், கோர்ட்டு வாசலில் எதிர்த் தரப்பு ஆட்கள் முறைத்துப் பார்ப்பதைத் தாண்டுவது வரை... அதைப் பற்றிச் சட்டம் அதிகம் பேசவில்லை.

நம் மொழியும் கொஞ்சம் சதி செய்துவிட்டது! குற்றவாளி நிற்பதும் கூண்டு, சாட்சி நிற்பதும் கூண்டு. "கூண்டில் ஏற்றுவேன்" என்றால் மிரட்டல் என்றே அர்த்தமாகிவிட்டது. ஒரு தப்பும் செய்யாத மனிதனையும் கூண்டில்தான் ஏறச் சொல்கிறோம்.

வங்கிக்காரருக்கு மட்டும் 1891-லேயே விடிவு

வணிகவியல் படிக்கும் மாணவர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய ஒரு சட்டம் இங்கே வருகிறது. 1891-ஆம் ஆண்டு வங்கிப் புத்தகங்கள் சாட்சியச் சட்டம். அதற்கு முன்பு யாரோ இரண்டு பேர் போடும் வழக்குக்காக வங்கியின் லெட்ஜரையும் அதோடு வங்கி அதிகாரியையும் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டியிருந்தது. லெட்ஜர் கோர்ட்டில் இருந்தால் கவுண்ட்டரில் வேலை நடக்குமா? அதனால், சான்றளிக்கப்பட்ட நகல் கொடுத்தாலே போதும், வங்கி சம்பந்தப்படாத வழக்கில் நீதிபதியின் தனி உத்தரவு இல்லாமல் வங்கி அதிகாரியைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று இந்தச் சட்டம் சொன்னது.

நல்ல சட்டம்தான், தப்பே சொல்ல முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். வங்கி அதிகாரியின் ஒரு நாள் வேலைக்கு மதிப்பு உண்டு என்று 1891-ல் சட்டத்துக்குப் புரிந்துவிட்டது. தினக்கூலிக்குப் போகிறவரின் ஒரு நாளுக்கும் மதிப்பு உண்டு என்பது எப்போது புரிந்தது? சாட்சிக்குப் பேட்டா உண்டு, நியாயமான செலவை அரசு தரலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வாய்தாவுக்கு மேல் வாய்தா போட்டால் எந்தப் பேட்டா போதும்?

இதை உச்ச நீதிமன்றமே 2000-ல் சுவரண் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் வேதனையோடு எழுதியது. வேலையை விட்டுவிட்டுத் தூரத்திலிருந்து வரும் சாட்சி நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு, வழக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று கேட்டுத் திரும்பிப் போகிறார், அவருக்கு உட்கார இடமில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, உரிய மரியாதை இல்லை, இதனால்தான் நல்லவர்கள் சாட்சியாக வர மறுக்கிறார்கள் என்று நீதிபதி வாத்வா அதில் குறிப்பிட்டார். 1872-ல் சட்டம் எழுதியவர்கள் யோசிக்காத நாற்காலியையும் தண்ணீர்ப் பானையையும் பற்றி 128 வருஷம் கழித்து ஒரு நீதிபதி எழுத வேண்டியிருந்தது!

ராமாவரம் தோட்டத்தில் மூன்றாவது ஆள்

தென்சென்னைப் புறநகரில் நடந்த வழக்குகளிலேயே பிரபலமானது எது என்று கேட்டால் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். 1967 ஜனவரி 12 மாலை, ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் எம்.ஆர்.ராதா. அவருக்கும் குண்டுக் காயம். இருவரும் பிழைத்தார்கள். அடுத்த மாதமே நடந்த தேர்தலில் எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். தி.மு.க. ஆட்சிக்கு வந்தது.

இந்தப் புறநகர்ப் பகுதிகள் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். அதனால் வழக்கு முதலில் சைதாப்பேட்டை நடுவர் நீதிமன்றத்துக்கும் பிறகு செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டுக்கும் போனது. தாம்பரத்திலிருந்து ரயிலில் போனால் செங்கல்பட்டு 31 கிலோமீட்டர்தான். 1967 நவம்பர் 4 அன்று ராதாவுக்கு 7 வருஷக் கடுங்காவல் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் தண்டனைக் காலம் பிறகு குறைந்தது.

இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இரண்டு நடிகர்களைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் அந்த அறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். தயாரிப்பாளர் கே.கே.என்.வாசு. இருவரும் சேர்ந்து நடித்த "பெற்றால்தான் பிள்ளையா" படத்தை எடுத்தவர். அன்று ராதாவோடு சேர்ந்து அந்த வீட்டுக்கு வந்தவரும் அவர்தான்.

அவர் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அறைக்குள் நடந்ததைப் பற்றிச் சம்பந்தப்பட்ட இருவரின் தரப்பும் வேறு வேறு மாதிரிச் சொல்கிறது. அப்படியானால் முழுப் பாரமும் யார் தலையில் விழும்? பார்த்த மூன்றாவது ஆள் தலையில்! ஒரு பக்கம் மாநிலமே கொண்டாடும் நடிகர், இன்னொரு பக்கம் கூடவே வந்த நண்பர். தொழிலோ சினிமா. எந்தப் பக்கம் என்ன சொன்னாலும் இன்னொரு பக்கத்துக்குப் பகையாகிவிடும். சாட்சி என்றாலே இந்த மூன்றாவது ஆள்தான். சண்டை அவனுடையது இல்லை, லாபமும் அவனுடையது இல்லை, பாரம் மட்டும் அவனுடையது.

எம்.ஜி.ஆரும் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். குண்டு பாய்ந்து குரலே மாறிப்போன நேரம் அது. திரையில் அத்தனை வில்லன்களை வீழ்த்தியவர், ஆளும் கட்சியின் எம்.எல்.ஏ. என்றாலும் எதிர்த் தரப்பு வக்கீலின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். யாருக்காகவும் அந்தக் குறுக்கு விசாரணை தள்ளுபடி ஆகவில்லை. குறுக்கு விசாரணை என்பது சாட்சியை அவமானப்படுத்த வந்ததில்லை, எதிரே நிற்பவனுக்கு உள்ள உரிமை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தண்டனை கிடைத்தால் ஜெயிலுக்குப் போகப் போகிறவனுக்கு, தன்னைப் பற்றிச் சொல்லப்படுவதைச் சோதித்துப் பார்க்க வேறு வழி ஏது?

இதைப் புரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும். வக்கீல் கத்துவது சாட்சியின் மேல் உள்ள கோபத்தில் இல்லை. அது அவர் வேலை.

கேள்விக்குள் ஒரு பதில்

குறுக்கு விசாரணையைப் பார்த்துப் பயப்படுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது என்று உளவியல் சொல்கிறது. 1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். சிலரிடம் கார்கள் "இடித்தபோது" என்றும் சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்றும் வார்த்தையை மட்டும் மாற்றிக் கேட்டார்கள். நொறுங்கியபோது என்று கேட்டவர்களிடம் வந்த வேகக் கணக்கு அதிகம். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோதும் அவர்களில்தான் அதிகம் பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை!

நல்ல மனிதனுக்கும் நல்ல நினைவுக்கும் இது நடக்கும். அதனால் கேள்வியை முழுக்கக் கேட்பது, புரியவில்லையென்றால் மறுபடி கேட்கச் சொல்வது, பார்க்காததைப் பார்த்தேன் என்று ஊகித்துச் சொல்லாமல் இருப்பது இந்த மூன்றும் சாட்சிக்கு அவசியம். "தெரியாது", "நினைவில்லை" என்பவை உண்மையாக இருந்தால் அவையும் முழுமையான பதில்களே. பரீட்சையில் விடை எழுதாமல் விட்டால்தான் மார்க் போகும், கோர்ட்டில் தெரியாததற்கு விடை சொன்னால்தான் வம்பு.

பயத்துக்கு மரியாதை கிடைத்த கதை

இதுவரை சொன்னது பதற்றம். அதைவிடப் பெரியது உயிர்ப் பயம். அதைச் சட்டம் பேச ஆரம்பித்தது மிகவும் தாமதமாகத்தான்.

குஜராத் பெஸ்ட் பேக்கரி வழக்கில் முக்கிய சாட்சியான ஜாஹிரா ஷேக் முதல் விசாரணை நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியானார். எல்லோரும் விடுதலை ஆனார்கள். மிரட்டப்பட்டதால்தான் மாற்றிச் சொன்னேன் என்று அவர் பிறகு சொன்னார். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழக்கை மகாராஷ்டிரத்துக்கு மாற்றி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அங்கே அவர் மறுபடியும் மாற்றிச் சொன்னார். 2006-ல் அவருக்கே ஒரு வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. சாட்சி பயந்தால் வழக்கும் போகும், சாட்சியும் போவார் என்று நாடே பார்த்தது. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம், 7 வருஷம் வரை தண்டனை என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்ததும் 2006-ல்தான்.

2004-லேயே சாக்ஷி என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில், பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்ட குழந்தைகள் குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்காதபடி திரை வைக்கலாம், கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுத்து அவர் வழியாகக் கேட்கலாம், நடுவில் இடைவேளை விடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்தில் 1999-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. அங்கே விசாரணைக்கு முன்பே சாட்சியைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போய், யார் எங்கே உட்காருவார்கள் என்று காட்டும் சேவையும் உண்டு. 2015 முதல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பு அதை நடத்தி வருகிறது.

கடைசியில் 2018 டிசம்பர் 5 அன்று மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று, சட்டம் வரும் வரை நாடு முழுவதும் இதுவே சட்டம் என்றது. மிரட்டல் இருந்தால் சாட்சி மனு கொடுக்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு காவல்துறையிடம் அறிக்கை வாங்கி முடிவெடுக்கும். 2022 ஜனவரியில் இன்னொரு வழக்கில், வயதும் பாலினமும் பார்க்காமல் எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகள் அனைவருக்கும் தனி அறைகள் கொண்ட சாட்சிய மையங்கள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம், ஒவ்வொரு மாநிலமும் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்று 398-ஆம் பிரிவில் சொல்கிறது.

1872-லிருந்து 2018 வரை எண்ணினால் 146 வருஷம்!

சாத்தான்குளத்தில் ஒரு கையெழுத்து

திட்டம் எல்லாம் காகிதத்தில் இருக்கும். ஒரு மனிதரின் பயம் எப்படித் தாண்டப்படுகிறது என்பதைத் தமிழ்நாடு 2020 ஜூனில் பார்த்தது. சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட வணிகர் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே வழக்கை எடுத்துக்கொண்டது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் விசாரிக்கக் காவல் நிலையத்துக்கே போனார். அங்கே அவருக்கே ஒத்துழைப்பு இல்லை, அவரைப் பற்றியே தரக்குறைவாகப் பேசினார்கள் என்று அவரே அறிக்கையில் எழுதினார்.

அந்த நிலையத்திலேயே வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி நடந்ததைச் சொன்னார். இரவு முழுக்க அடித்ததையும், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருப்பதையும் சொன்னார். அவர் மிகுந்த அச்சத்தில் இருந்தார், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினார், பாதுகாப்பு உண்டு என்று உறுதி சொன்ன பிறகே போட்டார் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. அதன்பின் அவருக்குப் பாதுகாப்பு கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிற்பாடு மதுரை நீதிமன்றத்திலும் அவர் சாட்சி சொன்னார்.

பயப்படாமல் சொன்னார் என்று இதைப் பாராட்டுவது தப்பு. அவர் பயந்தார், பயந்துகொண்டே சொன்னார். சொல்ல முடிந்ததற்கு அவருடைய மனசாட்சி பாதிக் காரணம் என்றால், எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்தப் பயத்தைக் கவனித்து, அதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேட்டது மீதிக் காரணம்.

சம்மன் வந்தவருக்கு

சரி, ஜி.எஸ்.டி. சாலையில் விபத்தைப் பார்த்தவரிடம் திரும்பி வருவோம். இந்த வரலாறு அவருக்கு என்ன தரும்?

முதலில், கோர்ட்டு பொது இடம். சில வழக்குகளைத் தவிர எல்லா விசாரணையும் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும். முன்னால் ஒரு நாள் தாம்பரம் கோர்ட்டுக்கோ செங்கல்பட்டு கோர்ட்டுக்கோ போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து வேறு வழக்கைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் சேவையாகத் தருவதை இங்கே நாமே செய்துகொள்ளலாம்! சினிமாவில் பார்த்த மேஜை தட்டல்கள், ஆவேச வசனங்கள் எதுவும் அங்கே இருக்காது. பெரும்பாலும் சலிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சலிப்பு பயத்துக்கு நல்ல மருந்து.

இரண்டாவது, ஆங்கிலம் தெரியாதே என்ற கவலை வேண்டாம். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே சாட்சி சொல்லலாம். சொல்லி முடித்ததும் பதிவானதைப் படித்துக்காட்ட வேண்டும், தப்பு இருந்தால் திருத்தச் சொல்லலாம் என்பது சட்டம். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

மூன்றாவது, போலீசிடம் சொன்னதை வார்த்தை மாறாமல் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சாட்சியின் போலீஸ் வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது என்பதுதான் விதி. முரண்பாடு இருந்தால் சுட்டிக்காட்ட மட்டுமே எதிர்த் தரப்பு அதைப் பயன்படுத்தும். உண்மையாக நினைவு பிசகுவது குற்றமில்லை. தெரிந்தே பொய் சொல்வதுதான் குற்றம்.

நான்காவது, யாராவது மிரட்டினால் அதை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு புழுங்க வேண்டாம். அதைச் சொல்வதற்கு இப்போது ஒரு இடம் இருக்கிறது.

கை நடுங்கட்டும், பரவாயில்லை. குரல் கம்மினால் ஒரு வாய் தண்ணீர் கேட்கலாம். பூத சதுக்கத்துப் பூதம் பொய் சொன்னவனைத்தான் தேடியது, நடுங்கினவனை இல்லை. புராணத்தில் சாட்சி சொல்ல வன்னி மரமும் கிணறும் வந்தன. ஜி.எஸ்.டி. சாலையில் மரங்களும் இல்லை, கிணறுகளும் இல்லை. பார்த்த மனிதர்தான் வர வேண்டும். அவர் வந்து நிற்கும் இடத்தில் ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொஞ்சம் மரியாதையும் இருக்கிறதா என்று பார்ப்பது மற்ற எல்லோருடைய வேலை.